முற்றத்தில் முளைத்திருப்பது குப்பைமேனிதானா, அதைக் குழந்தைக்குக் கொடுக்கலாமா?

திருவட்டார் மருமகள் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீடு கன்னியாகுமரி மாவட்டத்தில் திருவட்டாரை அடுத்து, ரப்பர் விளைகளுக்கு (தோட்டங்களுக்கு) இடையில் இருக்கிறது. ஆனி மாத மழை சற்று ஓய்ந்த பிறகு, மதிலோரத்திலும், வாழைக்கன்று வைப்பதற்காகக் கிளறிப்போட்ட மண்ணிலும் சிறு செடிகள் அடர்த்தியாக முளைத்து நிற்கின்றன. அவற்றில் ஒன்றைக் குப்பைமேனி என்று என் மாமி அடையாளம் காட்டினார்கள். என் மகனுக்கு நான்கு வயது. சளி பிடித்தால் நெஞ்சில் கட்டிக்கொண்டு இரவெல்லாம் உறங்க விடாது. குப்பைமேனி இலையைப் பிழிந்து ஒரு சங்கு புகட்டினால் கபம் முழுவதும் வாந்தியாக வெளியேறிவிடும் என்றும், தம் பிள்ளைகளை அப்படித்தான் வளர்த்ததாகவும் மாமி சொல்கிறார்கள். அவர்களுடைய அனுபவத்தை நான் மதிக்கிறேன். ஆனாலும், பிறந்த சில நாட்களிலேயே மஞ்சள் கண்டு, மருத்துவமனையில் நீல விளக்கொளியில் வைத்திருந்து மீட்டெடுத்த பிள்ளை என்பதால், எதையும் கேட்டுத் தெளியாமல் அவனுக்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

மாமி பறித்து வந்த செடிகளை முறத்தில் பரப்பிப் பார்த்தபோது, அவை எல்லாம் ஒரே செடியாகத் தோன்றவில்லை. சிலவற்றின் தண்டைக் கிள்ளினால் வெள்ளைப் பால் வடிகிறது. சிலவற்றில் அப்படி எதுவும் இல்லை. ஒன்று தரையோடு தரையாகப் படர்ந்திருந்தது. மற்றொன்று முழங்காலுக்குக் கீழான உயரத்தில் நிமிர்ந்து நின்றது. பக்கத்து வீட்டு அண்ணன், குப்பைமேனி என்பது ரப்பர், மரச்சீனி (மரவள்ளி) ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது, ஆகவே பால் வடிவதுதான் உண்மையான குப்பைமேனி என்று உறுதியாகக் கூறுகிறார். அந்தக் குடும்பமே கடல் கடந்து வந்தது என்பதும் அவருடைய கருத்து. என் கணவரோ, விளையில் களைக்கொல்லி அடிக்க ஆள் வரும்போது முற்றத்தையும் சேர்த்து அடித்துவிடலாம் என்கிறார். நம் மண்ணுக்கே உரிய செடியாக இருந்தால் அதை அப்படி அழிக்க எனக்கு விருப்பமில்லை. இவற்றில் எது குப்பைமேனி, அது நம் நாட்டுச் செடியா, குழந்தைக்குக் கொடுக்கலாமா என்பதைத் தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன். படங்களை இணைத்திருக்கிறேன்.

நாகர்கோவில் தாவரவியல் ஆசிரியர் எழுதியது:

சகோதரி, உங்கள் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். முறத்தில் மூன்று வெவ்வேறு செடிகள் இருக்கின்றன. வலப்பக்கத்தில், நிமிர்ந்த தண்டும் ரம்பப் பல் போன்ற விளிம்புடைய இலைகளும் கொண்டிருப்பதுதான் குப்பைமேனி. தாவரவியலில் அதற்கு அக்காலிஃபா இண்டிகா என்று பெயர். நடுவில் இருப்பது அம்மான் பச்சரிசி. இடப்பக்கத்தில் மண்ணோடு ஒட்டிப் படர்ந்திருப்பது சித்திரப் பாலாடை. பின்னிரண்டும் யூஃபோர்பியா என்னும் பேரினத்தைச் சேர்ந்தவை. மூன்றும் ஆமணக்குக் குடும்பத்துச் செடிகளே என்றாலும், பால் வடிவது அந்த இரண்டில் மட்டும்தான்.

ஆமணக்குக் குடும்பம் என்றாலே கிள்ளினால் பால் வரும் என்ற எண்ணம் நம் மாவட்டத்தில் ஆழமாக இருக்கிறது. நாள்தோறும் ரப்பர் பால் எடுப்பதைக் கண்டு வளர்ந்தவர்களுக்கு அப்படித் தோன்றுவது இயல்பு. ஆனால் அக்குடும்பத்தின் மிகப் பெரிய உட்பிரிவில் உள்ள செடிகளுக்குப் பொதுவாகப் பால் கிடையாது. குப்பைமேனி அந்த உட்பிரிவைச் சேர்ந்தது. குடும்பத்துக்கே பெயர் தந்த ஆமணக்கும் அதைச் சேர்ந்ததுதான். ஆமணக்கு இலைக்காம்பை ஒடித்துப் பார்த்தால் வெள்ளைப் பால் வடியாது என்பதை நீங்களே காணலாம்.

குப்பைமேனியை உறுதி செய்ய இலையைவிடப் பூங்கதிரைப் பார்ப்பது நல்லது. இலைக்கக்கத்திலிருந்து எழும் மெல்லிய கதிரின் கீழ்ப்பகுதியில், விளிம்பில் பற்கள் கொண்ட பச்சை நிறக் கிண்ண வடிவச் செதில்கள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தண்டைச் சூழ்ந்திருக்கும். ஒவ்வொரு கிண்ணத்துக்குள்ளும் சில பெண் பூக்கள் அமர்ந்திருக்கும். அவற்றின் சூல்தண்டு நார் நாராகக் கிழிந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். கைலென்சு வழியாகப் பார்த்தால் அது தெளிவாகத் தெரியும். கதிரின் மேற்பகுதியில் கண்ணுக்கு எளிதில் புலப்படாத ஆண் பூக்கள் நெருங்கியிருக்கும். பல கதிர்களின் நுனியில், கிண்ணம் ஏதும் இல்லாமல், மற்றப் பெண் பூக்களினின்றும் வடிவத்தில் வேறுபட்ட ஒற்றைப் பூ ஒன்று தனியே நிற்பதையும் காணலாம். இதை என் மாணவர்களிடம் காட்டும்போதெல்லாம், காலடியில் மிதிபடும் செடியில் இத்தனை நுட்பம் இருக்கிறதா என்று அவர்கள் குனிந்து பார்ப்பதை நிறுத்தவே மாட்டார்கள்.

பூக்காத இளஞ்செடியாக இருந்தால் இலைக்காம்பைக் கவனியுங்கள். கீழ் இலைகளின் காம்பு, இலைத்தகட்டின் அளவுக்கோ அதற்கு மேலோ நீண்டிருக்கும். மேலே செல்லச் செல்லக் காம்பு குறுகும். அதனால் செடியை நேர் மேலிருந்து பார்த்தால், ஓர் இலை மற்றோர் இலையை அதிகம் மறைக்காமல் எல்லா இலைகளும் வெயிலுக்கு முகம் காட்டியபடி பரவியிருக்கும். இலைகள் மாற்றடுக்கில் இருக்கும். அம்மான் பச்சரிசியிலோ இலைகள் எதிரெதிராக இருக்கும்; தண்டு செம்மை படர்ந்து மயிர்களுடன் காணப்படும்; பூக்கள் இலைக்கக்கத்தில் சிறு உருண்டைகளாகத் திரண்டிருக்கும். அதன் பால் கண்ணில் பட்டால் கடுமையான எரிச்சலையும் வீக்கத்தையும் உண்டாக்கும். பிள்ளைகள் கிள்ளி விளையாடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

குப்பைக்கீரையையும் குறிப்பிட வேண்டும். பெயர் நெருக்கமும், நீண்ட இலைக்காம்பும், ஒரே குப்பைமேட்டில் முளைக்கும் பழக்கமும் சேர்ந்து, கீரை பறிப்பவர்கள் இரண்டையும் கலந்து பறித்துவிடுகிறார்கள். குப்பைக்கீரையின் இலை விளிம்பில் பற்கள் இருக்காது. இலை நுனியில் சிறிய வெட்டு இருக்கும். சமைக்கப் பறிக்கிறவர்கள் இந்த வேறுபாட்டை அறிந்திருக்க வேண்டும். ஏனெனில் ஒன்று அன்றாடக் கீரை, மற்றொன்று மருந்து.

வேளிமலை அடிவாரம் எழுதியது:

நாட்டுச் செடியா என்ற கேள்விக்கு நான் விடை சொல்கிறேன். குப்பைமேனி நம் நாட்டுச் செடிதான். வெப்பமண்டல ஆப்பிரிக்கா முதல் இந்தியத் துணைக்கண்டம் வழியாகத் தென்கிழக்கு ஆசியா வரையில் இயல்பாக வளர்வது. லின்னேயஸ் 1753ஆம் ஆண்டு இதற்கு அறிவியல் பெயர் சூட்டியபோது, இந்தியாவுக்குரியது என்னும் பொருள் தரும் இண்டிகா என்ற சொல்லையே இரண்டாம் பெயராக வைத்தார். அதற்கு அறுபது ஆண்டுகளுக்கு மேல் முன்பாகவே, கொச்சியில் டச்சு ஆளுநராக இருந்த வான் ரீடு உள்ளூர் வைத்தியர்களின் துணையோடு தொகுத்த ஹோர்த்தூஸ் மலபாரிக்கூஸ் என்னும் பன்னிரண்டு தொகுதி நூலில், 1690இல் வெளிவந்த பத்தாம் தொகுதியில், குப்பைமேனி தன் நாட்டுப் பெயருடனேயே படத்தோடு இடம்பெற்றுவிட்டது. விளவங்கோடு பகுதியில் இன்றும் குப்பமேனி என்று மலையாள ஒலியில் சொல்கிறவர்களின் பெயருக்கும் அந்த நூலின் பெயருக்கும் வேறுபாடு மிகக் குறைவு.

உங்கள் பக்கத்து வீட்டு அண்ணன் சொல்வதில் ஒரு பகுதி சரி. நம் மாவட்டத்தின் பொருளாதாரத்தைத் தாங்கி நிற்கும் ஆமணக்குக் குடும்பத்துப் பயிர்கள் இரண்டும் தென் அமெரிக்காவிலிருந்து வந்தவை. ரப்பர் அமேசான் காட்டு மரம். 1876இல் பிரேசிலிலிருந்து இங்கிலாந்துக்குக் கொண்டு செல்லப்பட்ட விதைகளின் வழியாக ஆசியாவுக்கு வந்தது. மரச்சீனியும் அந்தக் கண்டத்துக் கிழங்குதான். 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா அதன் சாகுபடியை ஊக்குவித்ததை நம் முதியோர் இன்றும் நினைவுகூர்கிறார்கள். முற்றத்தில் முளைத்த அம்மான் பச்சரிசியும் வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து பரவியதே. சித்த மருத்துவத்தில் நெடுங்காலமாகப் பயன்படும் செடி எப்படி அயல்நாட்டுச் செடியாக இருக்க முடியும் என்று பலர் என்னிடம் கோபித்துக்கொண்டிருக்கிறார்கள். ஒரு செடி வந்து சில நூற்றாண்டுகள் ஆகிவிட்டால் மக்கள் அதன் குணத்தைப் பழகி அறிந்து மருத்துவத்தில் சேர்த்துக்கொள்வார்கள்; அதனால் அதன் பிறப்பிடம் மாறிவிடாது.

குப்பைமேனியின் நிலை வேறு. அது இங்கேயே பிறந்து, இங்கேயே மனிதன் கிளறிய மண்ணைத் தன் வீடாக்கிக்கொண்ட செடி. நாட்டுத் தாவரம் என்றவுடன் நாம் அகத்தியமலைக் காட்டையும், பேச்சிப்பாறைக்கு மேலுள்ள சோலைகளையும் நினைத்துக்கொள்கிறோம். மதிலோரமும் வரப்பும் தோட்டத்து ஈரமும் ஒரு நாட்டுச் செடியின் இயற்கையான இடமாக இருக்கலாம் என்பதை நாம் ஏற்கத் தயங்குகிறோம். அந்தத் தயக்கத்தினால்தான், காட்டில் ஒரு செடி அழிந்தால் வருந்துகிற நாம், விளையில் ஒரு நாட்டுச் செடியின் மீது மருந்தை அடிக்க ஆள் அனுப்புகிறோம். தென்மேற்கு, வடகிழக்கு என இரு பருவமழையும் பெறும் மாவட்டம் என்பதால், குப்பைமேனி இங்கே ஆண்டுக்கு ஒருமுறைக்கு மேல் தலைமுறை கண்டு விதைத்துவிடும். அது அரிய செடி அன்று. உங்கள் முற்றத்தோடு அழிந்துவிடப் போவதும் இல்லை. இருந்தும், கன்னிப்பூ, கும்பப்பூ என்று இருபோக நெல் விளைந்த வயல்கள் வாழையாகவும் மனையாகவும் மாறி, எஞ்சிய மண்ணிலும் சிமென்டுக் கற்கள் பதிக்கப்படும் ஊரில், ஒரு நாட்டுச் செடி தானாக முளைத்து நிற்கும் இடத்தை நான் மதிப்புடையதாகக் கருதுகிறேன்.

மார்த்தாண்டம் ஆசான் வீட்டுப் பேரன் எழுதியது:

சகோதரி, என் தாத்தா வர்மமும் நாட்டு வைத்தியமும் கற்ற ஆசான். எங்கள் வீட்டுத் திண்ணையில் குப்பைமேனி அரைக்கும் அம்மியின் ஓசையைக் கேட்டுத்தான் நான் வளர்ந்தேன். எனவே உங்கள் மாமி சொல்வதை மூடநம்பிக்கை என்று யாரேனும் இங்கே எழுதிவிடக் கூடாது என்பதற்காகவே முதலில் எழுதுகிறேன். சிறிதளவில் கபத்தை இளக்குவதும், அளவு கூடினால் வாந்தியை உண்டாக்குவதும் குப்பைமேனி இலைச்சாற்றின் அறியப்பட்ட குணங்கள். நம் மருத்துவர்கள் மட்டும் இதைச் சொல்லவில்லை. திருவிதாங்கூரில் மருத்துவராகப் பணியாற்றிய எட்வர்ட் வாரிங் தொகுத்து 1868இல் வெளிவந்த இந்திய மருந்து நூலிலேயே, குழந்தைகளுக்கு வாந்தி மருந்தாகக் குப்பைமேனிச் சாறு குறிப்பிடப்பட்டிருக்கிறது. அந்தக் காலத்தில் ஐரோப்பிய மருத்துவர்கள் தென் அமெரிக்காவிலிருந்து வரவழைத்த இப்பிகாக் வேருக்கு மாற்றாக இதைக் கருதினார்கள்.

ஆயினும் தாத்தா கடைப்பிடித்த கட்டுப்பாடுகளையும் நான் சொல்லியாக வேண்டும். உள்ளுக்குக் கொடுக்கும் எதையும் நாடி பாராமல், பிள்ளையின் உடல்வாகு கேட்காமல் அவர் கொடுத்ததில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கேட்டது என்பதற்காகத் தம் பிள்ளைக்கும் கொடுக்கும் தாய்மாரை அவர் கடிந்துகொள்வார். சொறி, படை, பூச்சிக்கடி ஆகியவற்றுக்கு இலையை உப்புச் சேர்த்து அரைத்து மேலே பூசச் சொல்வதுதான் எங்கள் வீட்டில் பெரும்பாலும் நடந்தது. பூசியதும் எரிச்சல் மிகுந்தால் உடனே கழுவிவிடச் சொல்வார்.

இச்செடிக்குப் பூனை வணங்கி என்று ஒரு பெயர் இருப்பதை நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். வேரோடு பிடுங்கிப் போட்டால் பூனைகள் தேடி வந்து, வேரை மோந்தும் கடித்தும், முகத்தை அதன்மேல் தேய்த்தும், தரையில் புரண்டும் நெடுநேரம் மயங்கிக் கிடக்கும். எல்லாப் பூனைக்கும் அந்த ஈர்ப்பு ஒரே அளவில் இருப்பதில்லை. உங்கள் மாமி களை பறித்துப் போட்ட இடத்தில் பூனைகள் கூடினால், அச்செடி எது என்பதற்கு அதுவும் ஒரு சான்று.

குளச்சல் ஆய்வுக்கூடப் பணியாளர் எழுதியது:

அக்கா, நான் மருத்துவர் அல்ல. இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பணி செய்கிறேன். உங்கள் கேள்வியில் ஒரு வரியைப் படித்தவுடன் எழுதாமல் இருக்க முடியவில்லை. பிறந்த சில நாட்களில் மஞ்சள் கண்டு விளக்கொளியில் வைக்கப்பட்ட ஆண் குழந்தை என்று குறிப்பிட்டிருக்கிறீர்கள். அத்தகைய குழந்தைக்குக் குப்பைமேனியை உள்ளுக்குக் கொடுப்பதற்கு முன் ஜி-6-பிடி என்னும் நொதியின் அளவைப் பார்த்தே ஆக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அந்த நொதி, இரத்தச் சிவப்பணுக்களை ஆக்சிஜனேற்றச் சேதத்திலிருந்து காக்கிறது. பிறவியிலேயே அது குறைவாக இருப்பவர்கள் உலகில் சுமார் 40 கோடிப் பேர் இருக்கிறார்கள். எக்ஸ் குரோமோசோம் வழியாக வரும் குறைபாடு என்பதால் பெரும்பாலும் ஆண்களிடமே வெளிப்படுகிறது. தாயிடம் எந்த அறிகுறியும் இல்லாமல் மகனுக்கு வந்துசேரலாம். இவர்கள் சாதாரண நாட்களில் முழு நலத்துடன் இருப்பார்கள். மலேரியாவுக்குத் தரும் பிரைமாகுயின் போன்ற சில மாத்திரைகளோ, சில உணவுகளோ உள்ளே சென்றால்தான் சிவப்பணுக்கள் கூட்டங்கூட்டமாக உடையத் தொடங்கும். பச்சிளங்குழந்தையின் மஞ்சளுக்கு இந்தக் குறைபாடும் ஒரு காரணம். பிறந்த குழந்தைகளில் பெரும்பாலானோருக்கு மஞ்சள் காண்பது வேறு காரணங்களாலேயே என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். ஆகவே தயவுசெய்து அஞ்ச வேண்டாம்.

குப்பைமேனிக்கும் இதற்கும் உள்ள தொடர்பு வெறும் ஊகம் அன்று. இலங்கையில் குப்பைமேனி சேர்த்த மூலிகைச் சாற்றைக் குடித்த, ஜி-6-பிடி குறைபாடு உடையவர்களுக்குச் சிவப்பணுச் சிதைவு ஏற்பட்டதை 1990களில் அந்நாட்டு மருத்துவர்கள் மருத்துவ இதழ்களில் பதிவு செய்திருக்கிறார்கள். நாம் உண்ணும் அதே இனம், நம்மைப் போன்ற மக்கள். எப்போதேனும் இச்செடியை உண்டபின், ஓரிரு நாட்களில் சிறுநீர் கட்டன் சாயா (பால் சேர்க்காத தேநீர்) நிறத்துக்கு மாறினாலோ, கண் மஞ்சளித்தாலோ, பிள்ளை வெளிறிச் சோர்ந்தாலோ, மூச்சு வாங்கினாலோ சற்றும் தாமதிக்காமல் பெரிய மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். உண்டது என்ன என்பதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். நாட்டு மருந்து கொடுத்ததாகச் சொன்னால் திட்டுவார்களே என்று பலர் மறைத்துவிடுகிறார்கள். அந்த மறைப்பு மருத்துவரின் நேரத்தைத் தின்றுவிடுகிறது.

மார்த்தாண்டத்து அண்ணன் வாரிங்கின் நூலைக் குறிப்பிட்டார். அது சரியான செய்தி. ஆனால் அந்த இப்பிகாக்கையே இன்று மருத்துவ உலகம் கைவிட்டுவிட்டது. வாந்தி வரவழைப்பதற்காக இப்பிகாக்கை வீடுகளில் வைத்திருக்க வேண்டாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2003ஆம் ஆண்டே அறிவித்தது. நெஞ்சில் சளி கட்டி மூச்சுத் திணறும் குழந்தையை வாந்தியெடுக்க வைத்தால், வயிற்றிலுள்ளது மூச்சுக்குழாய்க்குள் இறங்கும் ஆபத்து உண்டு. மேலும், வாந்தியில் வெளிவருவது பெரும்பாலும் விழுங்கப்பட்ட சளியே. நுரையீரலின் சுருங்கிய குழாய்கள் அதனால் விரிவதில்லை. இரவில் உறங்க விடாத இளைப்புக்கு அந்தக் குழாய்ச் சுருக்கமே காரணமாக இருந்தால், அதற்குரிய மருத்துவம் வேறு.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். குப்பைமேனியில் அக்காலிஃபின் என்னும் சயனைடு சார்ந்த சேர்மம் இருக்கிறது. மரச்சீனியில் உள்ள, அதே வகையைச் சேர்ந்த லினமாரினிலிருந்து அது வேறானது. ஆயினும் மரச்சீனிக் கிழங்கை அவித்து நீரை வடித்துக் கொட்டிவிட்டு உண்ணும் நம் ஊரில், இந்தக் குடும்பத்துச் செடிகளைப் பச்சையாகப் பிழிந்து குடிப்பதற்கு முன் ஒருமுறை நிதானிக்க வேண்டும் என்பதை விளக்கத் தேவையில்லை என்று நம்புகிறேன். அளவு தெரியாமல் பிழியும் சாற்றில் இருப்பது எவ்வளவு என்பதை எந்தச் சங்கும் காட்டாது.

பரிசோதனை எளியது, சிறிதளவு இரத்தம் போதும். பிள்ளை நலமாக இருக்கும் நாளில் எடுப்பது நல்லது. சிவப்பணுச் சிதைவு நடந்த சூட்டோடு எடுத்தால், புதிதாக உருவான இளஞ்சிவப்பணுக்களில் நொதி மிகுதியாக இருப்பதால், குறைபாடு இருந்தும் முடிவு சரியாக இருப்பதுபோல் வந்துவிடக்கூடும்.

திருவட்டார் மருமகள் எழுதியது:

இத்தனை பொறுமையுடன் விளக்கிய அனைவருக்கும் என் மனமார்ந்த நன்றி. ஆசிரியர் ஐயா சொன்னபடி கதிரைக் கைலென்சில் பார்த்தேன். பச்சைக் கிண்ணங்களும், அவற்றிலிருந்து நீளும் நார்களும் அப்படியே இருந்தன. மாமியும் கண்ணாடி அணிந்துகொண்டு வெகுநேரம் பார்த்தார்கள். குளச்சல் தம்பி எழுதியதை அவர்களுக்கு முழுவதும் வாசித்துக் காட்டினேன். மறுத்துப் பேசுவார்கள் என்று எண்ணியிருந்தேன். ஆனால், தம் நாத்தனார் பிள்ளைக்கு முன்பு ஒருமுறை பச்சிலை கொடுத்தபின் சிறுநீர் கறுத்து, தக்கலைக்குத் தூக்கிக்கொண்டு ஓடிய செய்தியை மாமியே சொன்னார்கள். அது எந்தப் பச்சிலை என்பது இப்போது யாருக்கும் நினைவில் இல்லை. அந்தப் பேச்சுக்குப் பிறகு சாறு பிழிவதைப் பற்றி வீட்டில் யாரும் பேசவில்லை.

குழந்தை மருத்துவரிடம் சென்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. ஜி-6-பிடி பரிசோதனைக்கு எழுதித் தந்ததோடு, இரவில் வருவது இளைப்பா என்பதை அறிய நெஞ்சொலியைக் கேட்டு, மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்தை முகக்கவசம் பொருத்திய குழலின் வழியாகக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார். இனி எனக்கு மீதமுள்ள கேள்வி ஒன்றுதான். மகனின் காலில் கொசுக்கடி சொறிந்து தடித்திருக்கிறது. மேலே மட்டும் அரைத்துப் பூசுவதிலும் அஞ்ச வேண்டியது உண்டா? களைக்கொல்லி அடிப்பதை என் கணவர் இன்னும் முழுவதும் கைவிடவில்லை. அவரிடம் என்ன சொல்வது?

மார்த்தாண்டம் ஆசான் வீட்டுப் பேரன் எழுதியது:

நொதிக் குறைபாட்டைப் பற்றிக் குளச்சல் தம்பி எழுதியதை நான் முழு மனதுடன் ஏற்கிறேன். நாடி பார்க்கும் கைக்கு இரத்தத்தினுள் இருக்கும் நொதி புலப்படாது. சில பிள்ளைகளுக்குச் சில பச்சிலை ஆகாது என்று தாத்தா சொன்னதற்கு உள்ளே இப்படியொரு காரணமும் இருந்திருக்கக்கூடும். ஆனால் குப்பைமேனியே நஞ்சு என்ற முடிவுக்கு யாரும் வந்துவிட வேண்டாம். முறையாகக் கற்ற சித்த மருத்துவர் ஒருவர், பரிசோதனை முடிவையும் பார்த்துவிட்டு, பெரியவர்களுக்கு அளவோடு கொடுப்பதற்கும், வீட்டில் நாமே பிழிந்து நான்கு வயதுப் பிள்ளைக்குப் புகட்டுவதற்கும் இடையில் பெரிய தொலைவு இருக்கிறது.

மேலே பூசுவதைப் பொறுத்தவரை, பரிசோதனை முடிவு வரும் வரை அதையும் தள்ளி வையுங்கள் என்பதே என் கருத்து. சொறிந்து தோல் உரிந்த இடத்தில் உப்புச் சேர்த்த பச்சிலை கடுமையாக எரியும், பிள்ளை தாங்கமாட்டான். முடிவு நல்லபடியாக வந்து, புண் ஆறித் தோல் மூடிய பிறகு தேவைப்பட்டால், முதலில் முழங்கைக்குக் கீழே ஒரு சிறு இடத்தில் பூசிப் பார்த்து, ஒரு நாள் கழித்தும் தடிப்பு இல்லை என்றால் மட்டும் மேற்கொள்ளுங்கள். சிலருக்கு இச்செடி பட்டாலே தோலில் ஒவ்வாமை வருவதும் உண்டு. விரலிடுக்கிலும் மணிக்கட்டிலும் இரவில் அரிப்பு மிகுந்து, வீட்டில் மற்றவர்களுக்கும் இருந்தால் அது கொசுக்கடி அன்று, சிரங்கு. அதற்கு வீட்டில் உள்ள அனைவரும் ஒரே நேரத்தில் மருத்துவரிடம் காட்டி மருந்து பூச வேண்டும்.

நாகர்கோவில் தாவரவியல் ஆசிரியர் எழுதியது:

களைக்கொல்லியைப் பற்றி உங்கள் கணவரிடம் சொல்வதற்கு வலுவான காரணம் இருக்கிறது. முற்றம் என்பது பிள்ளை தவழ்ந்தும் விளையாடியும் கை வைக்கும் இடம். கோழியும் பூனையும் கொத்தியும் நக்கியும் திரியும் இடம். ரப்பர் மூட்டில் அடிப்பதை அங்கேயும் அடிக்கத் தேவையே இல்லை. குப்பைமேனி ஆழமாக வேர் ஓட்டி மண்ணைப் பிடித்துக்கொள்ளும் செடி அன்று, ஓராண்டுச் செடி. மழை பெய்து மண் இளகியிருக்கும் போது இரண்டு விரலால் பற்றி இழுத்தால் வேரோடு வந்துவிடும். கதிரில் காய் முற்றுவதற்கு முன் பிடுங்கினால் அடுத்த மழைக்கு முளைப்பது வெகுவாகக் குறையும். வாழைக்கன்று வைக்கும் இடத்தில் மட்டும் அப்படிப் பிடுங்கிவிட்டு, மதிலோரத்தில் ஒரு சாண் அகலத்துக்கு அதை விட்டுவையுங்கள். அங்கே அது யாருக்கும் இடைஞ்சலாக இருக்காது.

விளையில் மருந்து அடிக்கும் ஆளிடம், முற்றத்தின் எல்லையை முன்கூட்டியே கயிறு கட்டிக் காட்டிவிடுங்கள். காற்றடிக்கும் நேரத்தில் அடித்தால் துளிகள் மதிலைத் தாண்டி வரும் என்பதால், காற்று அடங்கிய காலையில் அடிக்கச் சொல்லுங்கள். அதையும் மீறி மதிலோரச் செடிகளில் மருந்து பட்டு, இலை மஞ்சளித்து வாடினால், அவற்றை மேலே பூசவும் எடுக்கக் கூடாது. கையுறை அணிந்து பிடுங்கி, ஆடு மாடு மேயாத இடத்தில் குழி தோண்டிப் புதைத்துவிடுங்கள். சாலையோரத்தில் பறிப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். பார்க்கப் பசுமையாக இருந்தாலும், முந்தைய நாள் அங்கே மருந்து அடித்திருக்கிறார்களா என்பதை அடித்தவரைக் கேட்டால்தான் தெரியும்.